அம்மா பார்த்த மதிய சீரியல்கள்: எது ஒழுங்காக விடைபெற்றது?

ஓஹையோக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி அற்பமாகத் தோன்றலாம், ஆனால் பதில் தெரிந்தவர்கள் இங்கேதான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் அப்பாவின் வேலைக்காக அமெரிக்காவில் சின்சினாட்டிக்கு வந்தபோது அம்மாவுக்கு இந்த நாட்டில் வேலை பார்க்க அனுமதி கிடையாது, கார் ஓட்டத் தெரியாது, தமிழ்ச் சேனல் என்ற பேச்சே அப்போது இல்லை. மதியம் இரண்டு மணிக்கு சிபிஎஸ் சேனலில் 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்', மூன்று மணிக்கு 'கைடிங் லைட்'. என்னைத் தூங்க வைத்துவிட்டு, ராத்திரி பொரியலுக்கு பீன்ஸ் நறுக்கிக்கொண்டே இரண்டையும் பார்த்து முடித்துவிடுவார். அவருடைய இங்கிலீஷ் அங்கே கற்றதுதான். பக்கத்து வீட்டில் போய் சர்க்கரை கேட்கக் கூச்சப்பட்ட காலத்திலேயே அம்னீசியா, கஸ்டடி, அனல்மென்ட் (கல்யாணமே செல்லாது என்பது) எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'கைடிங் லைட்' கதாநாயகி ரீவாவை இன்றுவரை ரேவதி என்றுதான் சொல்வார், ஏதோ எங்கள் தெருவில் குடியிருந்தவள் மாதிரி.

இரண்டும் முடிந்தபோது அம்மா ஊரில் பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் முடிவு என்ன ஆனதென்று தெரியாது. இப்போது மூட்டு ஆபரேஷன் முடிந்து என் வீட்டில் இருக்கிறார். மதியத்தில் பொழுது போகவில்லை, திடீரென்று, அந்த ரேவதி கதை என்னதான் ஆச்சு என்கிறார். எல்லாவற்றையும் பார்க்கப் பொறுமையில்லையாம், கடைசி எபிசோடு மட்டும் போதுமாம். பாதியில் வெட்டிவிட்டது போல இருந்தால் வருத்தப்படுவார் என்பதால் முன்கூட்டியே கேட்கிறேன். எந்த சீரியல் மரியாதையாக முடிந்தது, எது நடுத்தெருவில் விட்டது? அப்புறம், இவ்வளவு வருஷம் ஓடியதையெல்லாம் ஏன் அடுத்தடுத்து இழுத்து மூடினார்கள்?

பட்டாசாலை மாமி:

'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' போட்டுக் காட்டும்மா, யோசிக்கவே வேண்டாம். நான் அந்த சீரியலுக்கு எழுபதுகளிலிருந்து அடிமை, அதனால் பாரபட்சம் இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன், அமெரிக்க டிவியில் இவ்வளவு அடக்கமாக மங்களம் பாடிய சீரியலை நான் பார்த்ததில்லை.

1956 ஏப்ரல் 2-ஆம் தேதி முதல் எபிசோடில் முதல் வசனமே நான்சி ஹியூஸ் சொல்கிற 'குட் மார்னிங், டியர்'. அந்த நான்சியாக நடித்த ஹெலன் வாக்னர் கடைசிவரை அதே பாத்திரத்தில் இருந்தார். நடுவில் சில இடைவெளிகள் உண்டு, ஆனாலும் ஐம்பது வருஷத்துக்கு மேல். 1963-இல் கென்னடி சுடப்பட்ட அன்று மதியம் ஓடிக்கொண்டிருந்ததும் இந்த சீரியல்தான். நான்சி பேசிக்கொண்டிருக்கும்போதே படம் மறைந்து செய்தி வாசிப்பவர் வால்டர் குரோன்கைட்டின் குரல் வந்தது. அப்போதெல்லாம் நேரடி ஒளிபரப்பு, ஸ்டூடியோவில் நடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு விஷயமே தெரியாது, தங்கள் பாட்டுக்கு நடித்துக்கொண்டே இருந்தார்கள்.

2009 டிசம்பரில் சீரியலை நிறுத்தப்போகிறோம் என்று அறிவித்தார்கள். 2010 மே மாதம் ஹெலன் வாக்னர் போய்விட்டார், 91 வயது. கதையிலும் நான்சிக்கு அஞ்சலி வைத்தார்கள். செப்டம்பர் 17-ஆம் தேதி கடைசி எபிசோடு. நான்சியின் மகன் டாக்டர் பாப் ஹியூஸ், ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். நடித்தவர் டான் ஹேஸ்டிங்ஸ், 1960-லிருந்து அவர்தான் பாப். அறையைக் காலி செய்கிறார், மனைவி கிம் வருகிறாள், 'குட் நைட்' என்கிறார், கதவு மூடுகிறது. மேஜைமேல் இருக்கிற உலக உருண்டை சுற்றிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். துப்பாக்கி இல்லை, விபத்து இல்லை, செத்தவர் திரும்பி வரவில்லை. காலை வணக்கத்தில் ஆரம்பித்ததை இரவு வணக்கத்தில் முடித்தார்கள் என்று அப்புறம்தான் உறைத்தது. அன்றைக்கு சமையல் செய்யப் பிடிக்காமல் பிட்சா வாங்கிக்கொள்ளச் சொன்னேன், என் வீட்டுக்காரர் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார்.

பீபேக் பக்கம்:

மாமி சொன்னது சரி, ஆனால் கேட்டவருடைய அம்மாவுக்கு வேண்டியது ரேவதி கதை. 'கைடிங் லைட்' பற்றி நான் சொல்கிறேன்.

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். 2008 தொடக்கத்தில் செலவைக் குறைக்க அவர்கள் சீரியல் எடுக்கும் முறையையே மாற்றினார்கள். பெரிய ஸ்டூடியோ கேமராக்களை ஓரங்கட்டிவிட்டு கையில் தூக்கும் சின்ன கேமராக்கள், நியூயார்க் ஸ்டூடியோவில் நான்கு சுவரும் உள்ள நிரந்தர செட்கள், வெளிப்புறக் காட்சிகளுக்கு எங்கள் பக்கத்து ஊரான பீபேக். அங்கே ஒரு வீட்டைப் பிடித்து அதன் அறைகளிலும் முற்றத்திலும் எடுத்தார்கள். அந்த வழியாகப் போகும்போது, தடுப்புக் கயிறு கூட இல்லாமல், குளிரில் மேல்கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடிகர்கள் தெருவோரம் வசனம் சொல்லிப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். முதல் சில மாதங்கள் கொடுமை. கேமரா ஆடும், காற்றுச் சத்தத்தில் பாதி வசனம் காதில் விழாது. ரசிகர்கள் கழுவி ஊற்றினார்கள். கடைசி மாதங்களில் அந்த முறை அவர்களுக்குக் கைவந்துவிட்டது, ஆனால் அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

1937-இல் வானொலியில் தொடங்கி, 1952-இல் டிவிக்கு வந்து, 2009 செப்டம்பர் 18-இல் முடிந்தது. 72 வருஷம். கடைசி எபிசோடில் ரீவாவின் காதலன் ஜாஷும் ரீவாவும் கலங்கரை விளக்கத்தில் சந்திக்கிறார்கள், ஒரு பழைய பிக்கப் டிரக்கில் ஏறுகிறார்கள். தயாரா என்கிறான், 'ஆல்வேஸ்' என்கிறாள், வண்டி போகிறது, திரையில் நம் பழைய படங்களில் சுபம் போடுவது போல 'தி எண்ட்' போட்டார்கள். இந்த ரீவாவைத்தான் பாலத்திலிருந்து காரோடு விழ வைத்து, செத்ததாக நம்ப வைத்து, 1998-இல் குளோனிங் செய்து இன்னொரு ரீவாவையும் கொண்டுவந்தார்கள் என்பதை நினைத்தால், ஒரு டிரக்கில் ஏறிப் போனது பெரிய விடுதலை. அம்மாவுக்கு இது பிடிக்கும்.

ஏபிசி கட்சி:

சிபிஎஸ்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்கள் வீட்டில் 'ஆல் மை சில்ட்ரன்'. தயவுசெய்து அதன் கடைசி எபிசோடை ரத்த அழுத்தம் உள்ள யாருக்கும் காட்டாதீர்கள்.

2011 ஏப்ரலில் ஏபிசி சேனல் ஒரே நாளில் 'ஆல் மை சில்ட்ரன்', 'ஒன் லைஃப் டு லிவ்' இரண்டையும் நிறுத்துவதாக அறிவித்தது. இரண்டையும் உருவாக்கியவர் ஆக்னஸ் நிக்சன், அப்போது உயிரோடு இருந்தார், தன் பிள்ளைகள் இரண்டுக்கும் ஒரே நாளில் நாள் குறித்ததை அவர் பார்க்கவேண்டியிருந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். ஹூவர் என்ற வேக்கும் க்ளீனர் கம்பெனி, நம் வாடிக்கையாளர்களும் இவர்கள்தானே என்று ஏபிசியில் விளம்பரத்தையே நிறுத்தியது. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு இடத்தில் சமையல் நிகழ்ச்சி, இன்னொரு இடத்தில் உடல் இளைப்பது பற்றியும் உடுத்துவது பற்றியும் ஒரு நிகழ்ச்சி. இரண்டாவது வந்த வருஷமே காணாமல் போனது, அதில் எனக்கு அல்ப சந்தோஷம்.

இனிதான் கொடுமை. நிறுத்தப்போகிறோம் என்று சொன்ன பிறகு, ப்ராஸ்பெக்ட் பார்க் என்ற கம்பெனி இணையத்தில் தொடரப்போகிறோம் என்று உரிமை வாங்கியது. அதனால் எழுதியவர்களுக்கு முடிப்பதா தொடர்வதா என்று தெரியாத நிலை. செப்டம்பர் 23-ஆம் தேதி கடைசி எபிசோடில் மாளிகையில் எல்லோரும் கூடியிருக்கிறார்கள், சுவருக்குப் பின்னால் ஜே.ஆர். என்ற பாத்திரம் துப்பாக்கியோடு நிற்கிறான், சுடுகிறான், திரை கறுப்பு. யார்மேல் பட்டது? 41 வருஷம் பார்த்தவர்களுக்கு இதுதான் பிரியாவிடை! இணையத்தில் 2013 ஏப்ரலில் உண்மையிலேயே வந்தது, அதுவும் அந்த வருஷத்தைத் தாண்டவில்லை. முக்கிய பாத்திரம் எரிக்கா கேனாக 1970-லிருந்து நடித்த சூசன் லூச்சி அதில் இல்லை. அவள் இல்லாமல் என்ன 'ஆல் மை சில்ட்ரன்'?

'ஒன் லைஃப் டு லிவ்' பரவாயில்லை. 2012 ஜனவரி 13. கதைக்குள்ளேயே 'ஃப்ரேட்டர்னிட்டி ரோ' என்று ஒரு சீரியல் இருக்கும், அதுவும் நிறுத்தப்படுகிறது, ஊர்க்காரர்கள் அதன் கடைசி எபிசோடைப் பார்த்து அழுகிறார்கள். தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொண்டு போன விதம் பிடித்தது. ஆனால் அதிலும் கடைசி நிமிஷத்தில் செத்தவன் ஒருவன் உயிரோடு கட்டிப்போட்டுக் கிடக்கிறான். திருந்த மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:

ஏன் மூடினார்கள் என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். விளம்பரத் துறையில் இருந்தவன்.

இந்த சீரியல்கள் எல்லாம் வீட்டில் இருக்கும் பெண்களுக்கு சோப்பு விற்க வந்தவை. வானொலிக் காலத்தில், 1933-இல், 'மா பெர்க்கின்ஸ்' என்ற தொடரை ஆக்ஸிடால் சலவைத் தூளுக்காக நடத்தியது ப்ராக்டர் அண்ட் கேம்பிள். 'கைடிங் லைட்', 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' இரண்டுக்கும் சொந்தக்காரர்கள் அதே கம்பெனிதான், தலைமையகம் உங்கள் சின்சினாட்டி. அம்மா பார்த்த கதைகளுக்குப் படியளந்தவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

எழுபதுகளிலிருந்து பெண்கள் வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள், மதியம் வீட்டில் ஆள் குறைந்தது. அப்படியும் 1981-இல் 'ஜெனரல் ஹாஸ்பிடல்' லூக், லாரா கல்யாணத்தைச் சுமார் 3 கோடிப் பேர் பார்த்தார்கள் என்பார்கள். அப்புறம் கேபிள் வந்தது. 1995-இல் ஓ.ஜே. சிம்ப்சன் வழக்கை மாதக்கணக்கில் மதிய நேரத்தில் நேரடியாகக் காட்டினார்கள், சீரியல்கள் அடிக்கடி தடைபட்டன, போன கூட்டத்தில் ஒரு பகுதி திரும்பவே இல்லை. நிஜக் கொலை வழக்கு கற்பனைக் கொலையை விட சுவாரசியமாக இருந்தால் என்ன செய்ய?

மிச்சம் எளிய கணக்கு. வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு மணி நேரம், வருஷத்துக்குச் சுமார் 250 எபிசோடு. நடிகர்கள், எழுத்தாளர்கள், செட், உடை, ஒப்பனை. அதே நேரத்தில் ஒரு மேஜையைச் சுற்றி நாலைந்து பேரை உட்கார வைத்துப் பேச விட்டால் செலவு எங்கேயோ இறங்கிவிடும். 'கைடிங் லைட்' இடத்தில் பரிசுப் போட்டி வந்தது, 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' இடத்தில் 'தி டாக்' என்ற அரட்டை வந்தது. பார்ப்பவர்கள் பாதியானாலும் லாபம் மிஞ்சும். அதோடு பார்ப்பவர்களின் வயது. விளம்பரக்காரர்கள் பணம் கொடுப்பது 18 முதல் 49 வயதுப் பெண்களுக்காக. ஐம்பது வருஷம் விசுவாசமாகப் பார்த்த பாட்டிக்கு அந்தக் கணக்கில் மதிப்பு பூஜ்யம். நான் அந்தப் பட்டியல்களைத் தயாரித்தவன் என்பதால் சொல்கிறேன், அதில் யாருக்கும் தனிப்பட்ட வன்மம் கிடையாது, அதுதான் எரிச்சல்.

மயிலாப்பூர் மணி:

ஒரு சீரியல் முடிந்ததற்கு இவ்வளவு ஒப்பாரியா? அரைத்த மாவையே ஐம்பது வருஷம் அரைத்தால் ஒருநாள் கிரைண்டரை நிறுத்தத்தான் வேண்டும். எங்கள் வீட்டில் 'சந்திரலேகா' 2014-இல் ஆரம்பித்து 2022 வரை மதியத்தில் ஓடியது, முடிந்த அடுத்த திங்கட்கிழமையே அந்த நேரத்தில் வந்த வேறொன்றைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கவில்லை.

பட்டாசாலை மாமி:

மணி, நீ உன் வீட்டுப் பெண்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினாயா? அவர்களுக்கு வேறு சீரியல் வந்தது, அதனால் மாறிக்கொண்டார்கள். இங்கே வேறு சீரியலே வரவில்லை. அதுதான் வித்தியாசம். 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றதும் நடிகை ரேவதி நடித்த 'அழகு' உள்பட சில தொடர்களை அப்படியே நிறுத்தினார்களே, அப்போது சென்னையில் இருந்த என் தங்கை போனில் என்ன புலம்பு புலம்பினாள் தெரியுமா. கதை மோசம் என்று அவளே தினமும் திட்டுவாள். அதற்காக சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தலாமா?

ஸ்கார்பரோ தாதி:

வணக்கம் அக்காமார், அண்ணாமார். நான் டொரொன்டோவில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன், அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்தை எழுதுகிறேன்.

எங்கள் இல்லத்தில் பின்னேரம் நாலரை மணிக்கு 'தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்' ஓடும். கனடாவில் குளோபல் சனலில் அமெரிக்காவை விட ஒரு நாள் முந்தியே வரும், அதிலே எங்கள் ஆட்களுக்குப் பெரிய பெருமை, புளோரிடாவில் இருக்கிற தங்கச்சிக்குப் போன் பண்ணி நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்லிவிடுவார்கள். மருந்து கொடுக்கிற நேரத்தை அதற்கேற்ற மாதிரி வைத்திருக்கிறோம். விளம்பரம் வரும் இடைவெளியில்தான் குளிசையை நீட்ட வேண்டும், காட்சி நடக்கும்போது போனால் கையைத் தட்டிவிடுவார்கள்.

2013-இல் கேத்தரின் சான்ஸலராக நடித்த ஜீன் கூப்பர் இறந்துபோனார். நாற்பது வருஷம் கிட்ட அந்தப் பாத்திரத்தில் இருந்தவர், 1984-இல் தன்னுடைய சொந்த முகத்துக்குச் செய்த ஃபேஸ்லிஃப்ட் அறுவையையே கதைக்குள் காட்டவிட்ட மனிசி. கதையில் சில மாதம் கழித்துத்தான் அவவின் அஞ்சலியை வைத்தார்கள். அன்றைக்கு எங்கள் இல்லத்தில் இரண்டு அம்மாமார் கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தார்கள். மறதி நோய் உள்ள ஒருவருக்குத் தன் மகளின் பெயர் வராது, ஆனால் அந்தத் தொடரின் விக்டர் நியூமன் யாரை எத்தனை தரம் கலியாணம் முடித்தான் என்று வரிசையாகச் சொல்லுவார். இதைப் பார்த்த பிறகு நான் சீரியலைப் பற்றிப் பகிடியாகக் கதைப்பதை விட்டுவிட்டேன்.

எனக்கு வருகிற கவலை வேறு. 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' 1965-இலிருந்து என்பிசி சனலில் ஓடியது, 2022 செப்டம்பரில் அமெரிக்காவில் டிவியிலிருந்து எடுத்து பீகாக் என்ற இணையச் செயலிக்கு மாற்றினார்கள். முடியவில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் ரிமோட்டில் ஒரு பட்டனை மட்டும் தெரிந்த ஆட்களுக்கு அது முடிந்த மாதிரித்தான். கடைசி எபிசோடும் இல்லை, பிரியாவிடையும் இல்லை.

மயிலாப்பூர் மணி:

சரி மாமி, தாதி அக்கா, நான் வாயை மூடிக்கொள்கிறேன். கறுப்பு உடை விஷயம் என்னை என்னவோ செய்துவிட்டது. பாவத்துக்குப் பிராயச்சித்தமாக ஒரு தகவல், தேடியதில் கிடைத்தது: 'சான்டா பார்பரா' 1993-இல் முடிந்தபோது அதன் தயாரிப்பாளர் பால் ராவ்ச் தானே கேமரா முன்னால் வந்து நின்று, வாயிலிருந்த சுருட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு நடந்து போய்விட்டாராம். எனக்கு இதுதான் முதல் பரிசு.

ஓஹையோக்காரி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மதியம் இரண்டையும் போட்டுக் காட்டினேன், ரசிகர்கள் யாரோ பதிவுசெய்து இணையத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள், படம் மங்கல்தான். மாமி, நீங்கள் எதிர்பார்த்தது நடக்கவில்லை. டாக்டர் பாப் 'குட் நைட்' சொன்னபோது அம்மா கலங்கவே இல்லை, 'இந்த ஆளுக்கு இவ்வளவு வயசாயிடுச்சா' என்றார். அதே சீரியலில் லூசிண்டாவும் டாக்டர் ஜான் டிக்ஸனும் சேர்ந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அவன் குணம் தெரிந்தும் எப்படிச் சேர்த்து வைத்தார்கள், எழுதியவர்களுக்குப் பழைய கதை தெரியாதா என்று ராத்திரி சாப்பிடும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். ரேவதி டிரக்கில் ஏறியதற்கு மட்டும் ஒரு பெருமூச்சு. குளோன் பற்றி ஞாபகப்படுத்தினேன், 'அது அவ இல்லடி, வேற' என்று முடித்துவிட்டார்.

சின்சினாட்டி விஷயம் சொன்னேன், கணக்குப்பிள்ளை சார். அதெல்லாம் தெரியும், அதனால்தான் வேறு சோப்பே வாங்கியதில்லை என்றார். உங்கள் துறை ஜெயித்துவிட்டது.

கணக்குப்பிள்ளை:

அம்மாவை அந்தக் காலத்தில் சந்தித்திருந்தால் என் வேலை சுலபமாக இருந்திருக்கும். அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 2025 பிப்ரவரியில் சிபிஎஸ்ஸில் 'பியாண்ட் தி கேட்ஸ்' என்று புது மதிய சீரியல் தொடங்கியது, மேரிலாந்தில் ஒரு பணக்காரக் கறுப்பினக் குடும்பத்தின் கதை. பெரிய சேனல்களில் 1999-இல் வந்த 'பேஷன்ஸ்' சீரியலுக்குப் பிறகு புதிதாக வரும் முதல் மதிய சீரியல் இதுதான். நேரம் மதியம் இரண்டு மணி, அதாவது 'தி டாக்' போன இடம், அதற்கு முன்னால் 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' இருந்த அதே இடம். தயாரிப்பில் ப்ராக்டர் அண்ட் கேம்பிளும் திரும்ப வந்திருக்கிறது. மூட்டு ஆறும்வரை பார்க்கலாம்.

ஓஹையோக்காரி:

சொன்னேன் சார். முதல் எபிசோடிலிருந்து போட்டால்தான் பார்ப்பாராம், நடுவிலிருந்து ஆரம்பிக்கிற பழக்கம் தனக்கு இல்லையாம். 'கைடிங் லைட்' ஐம்பதாவது வருஷத்தில்தானே பார்க்க ஆரம்பித்தீர்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. முதல் எபிசோடு எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.